காடு பத்திரமாக இருக்கிறதே, பிறகு எது அழிகிறது?

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி இப்படிக் கேட்டிருக்கிறார்: "தூத்துக்குடியை விட்டால் நம் பக்கத்தில் பெரிய ஆலைகள் அதிகமில்லை. மலைக்காடு புலிகள் காப்பகமாகிவிட்டது. தாமிரபரணியில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடுகிறது. மனிதர்களால் பல்லுயிர் அழிகிறது என்பது நம் ஊருக்கு எப்படிப் பொருந்தும்?"

அம்பாசமுத்திரம் பக்கம் முப்பது ஆண்டு விலங்கியல் கற்பித்தவன் நான். ஒவ்வொரு தை மாதமும் குளங்களில் பறவை எண்ணப் போகிறவன். பாடப்புத்தகத்தில் உள்ள நான்கு காரணங்களை எழுதிப் பதினைந்து மதிப்பெண் வாங்கிவிடலாம். உங்கள் கேள்விக்கு அப்படிப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில், நம் சீமையில் உயிர்கள் எங்கே வாழ்கின்றன என்று பாருங்கள். களக்காடு முண்டந்துறை 1988-இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் பொதிகையில் பிறக்கும் ஆறு புன்னைக்காயலில் கடலைத் தொடும் வரை ஓடுகிற சுமார் 128 கிலோமீட்டரில் பெரும்பகுதி காட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. அந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள், வாய்க்கால் நிரப்பும் குளங்கள், குளம் நனைக்கும் வயல்கள், வரப்பில் நிற்கும் பனை, கிழக்கே செம்மணல் மேடுகளான தேரி, கடைசியில் கழிமுகம். இவை ஒவ்வொன்றிலும் உயிர்கள் குடியிருக்கின்றன. இதில் பாதியை மனிதர்கள்தான் வெட்டினார்கள், கட்டினார்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மனிதன் கை பட்டாலே இயற்கை கெட்டுவிடும் என்ற பேச்சு நம் ஊரைப் பொறுத்தவரை உண்மை இல்லை. கன்னடியன் கால்வாயை வெட்டியவர்கள் நெல்லுக்காகத்தான் வெட்டினார்கள். அதில் நீர்நாய் நீந்தும் என்று அவர்கள் திட்டமிடவில்லை. ஆனாலும் நீந்தியது. கார் பருவ நெல் அறுவடை முடிந்து பிசானப் பருவ நெல் தொடங்கும்போது வடகிழக்குப் பருவமழை குளங்களை நிரப்பும். அதே மாதங்களில்தான் வடக்கே பனி விழுந்து, மங்கோலியாவிலிருந்தும் லடாக்கிலிருந்தும் வரித்தலை வாத்துகள் தெற்கே புறப்படும். நம் வேளாண்மை நாட்காட்டியும் அவற்றின் பயண நாட்காட்டியும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன. பல நூறு ஆண்டுகள் அப்படியே நடந்தது. கேடு தொடங்கியது, குளமும் ஆறும் உயிரோடு இருந்தால்தான் நமக்குச் சோறு என்ற நிலை மாறியபோது. ஆழ்துளைக் கிணறும் குழாயும் வந்த பிறகு குளம் இல்லாமலே பிழைக்கலாம் என்றாகிவிட்டது. தேவைப்படாத இடம் சாக்கடைக்கும் குப்பைக்கும் வசதியாகப் போயிற்று. நகருக்குள்ளேயே பாருங்கள்: திருநெல்வேலி புதிய பேருந்து நிலையம் இருக்கும் இடத்தின் பெயர் வேய்ந்தான்குளம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் எத்தனை பேர் அந்தப் பெயரின் கடைசி மூன்று எழுத்துகளைக் கவனிக்கிறார்கள்?

இனி மாசு. ஆலைக்கழிவு மட்டும்தான் மாசு என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். தாமிரபரணியைக் கெடுப்பதில் பெரிய பங்கு நம் வீட்டுக் கழிவுநீருக்கு உண்டு. கரையோர ஊர்களின் சாக்கடையும் மாநகரின் சாக்கடையும் பல இடங்களில் நேராக ஆற்றில் இறங்குகின்றன. அதில் இருப்பவை நச்சுப் பொருள்கள்தான் என்று நினைக்க வேண்டாம். மலம், சோப்பு, சோறு, எண்ணெய். எல்லாம் ஒருவகையில் உரம். உரம் எப்படிக் கொல்லும் என்று கேட்பீர்கள்.

கொல்லும் வழி இது. நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுந்த நீரில் பாசி தடிக்கிறது. கூடவே அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை, படர்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி அது. சத்துள்ள நீர் கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். நீர்ப்பரப்பை அது மூடியதும் வெயில் உள்ளே இறங்காது. அடியில் இருந்த நீர்த்தாவரங்கள் மடிகின்றன. மடிந்ததையும் சாக்கடை கொண்டுவந்ததையும் அழுகச் செய்யும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கின்றன. ஒரு லிட்டர் நீரில் ஆக்சிஜன் 4, 5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன்களுக்கு மூச்சுத் திணறும். இரவில் பாசியும் மூச்சு விடுவதால் விடியற்காலையில் நிலைமை மிக மோசமாகும். குளத்து மீன்கள் விடியும் நேரத்தில் மேலே வந்து வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மீன்பாசி குத்தகை எடுத்தவர்களிடம் கேளுங்கள், அந்தக் காட்சியைச் சொல்லும்போதே அவர்கள் முகம் மாறும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆக்சிஜன் குறைந்த நீரிலும் எல்லா மீனும் சாவதில்லை. விராலும் கெளுத்தி வகைகளில் சிலவும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். ஓடுகிற தெளிந்த நீரை நம்பிய சிறு மீன்கள் முதலில் போகும். அந்த வெற்றிடத்தில் வெளிநாட்டு மீன்கள் வந்து உட்காரும். நாம் ஜிலேபிக் கெண்டை என்று சொல்லும் திலாப்பியா, வளர்க்கத் தடை இருந்தும் பண்ணைகளிலிருந்து தப்பி வெளியேறிய ஆப்பிரிக்கக் கெளுத்தி, இரண்டும் எந்தக் கழிவு நீரிலும் பெருகும். ஆப்பிரிக்கக் கெளுத்தி எதிரே வரும் மீனையும் தவளையையும் விழுங்கிவிடும். வலையில் மீன் விழுகிறது, எடையும் இருக்கிறது, ஆறு நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறது. பத்து வகை மீன் இருந்த இடத்தில் இரண்டு வகைதான் இருக்கின்றன என்பதை எடை சொல்லாது. பல்லுயிர் இழப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: எண்ணிக்கை குறையாமலே வகை குறைகிறது. உங்கள் கேள்விக்குள் இருக்கும் குழப்பத்தின் வேர் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாபநாசத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கோயில் படித்துறையில் மீன்களுக்குப் பொரி போடுகிறோம். அவை கூட்டமாக வந்து தின்பதைக் குழந்தைகளுக்குக் காட்டுகிறோம். அதே படித்துறையில், பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுக் கரையேறுகிறோம். அந்தக் காலத்தில் விட்டது பருத்தி, அதுவும் எப்போதோ ஒருவர். இப்போது விடுவது பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்த துணி, அமாவாசைதோறும் ஆயிரக்கணக்கில். அது மக்காது. பாறைகளில் சுற்றிக்கொண்டு, கூழாங்கல் படுகையைப் போர்வை போல மூடும். கூழாங்கல் இடுக்குகளில்தான் பூச்சிகளின் இளம்பருவங்கள் ஒட்டியிருக்கும். அவற்றை நம்பித்தான் சிறு மீன்கள். ஆற்றில் இறங்கித் துணி அள்ளும் தன்னார்வலர்கள் டன் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். நானும் ஒருமுறை அவர்களோடு நின்றேன். ஒரு சேலையை இழுத்தால் அதோடு பின்னிக்கொண்டு இன்னும் பத்து வந்தன. எந்தச் சாமி கேட்டது இதை? நான் கோயிலுக்குப் போகிறவன்தான். அதனால்தான் கேட்கிறேன்.

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைக்கும் இதே கதை உண்டு. காப்பகத்தின் நடுவே, ஆற்றங்கரையில், லட்சக்கணக்கில் மக்கள் கூடுவார்கள். முன்பு வாரக்கணக்கில் குடில் போட்டுத் தங்கினார்கள். இப்போது நாட்களுக்கும் வாகனங்களுக்கும் பிளாஸ்டிக்குக்கும் கட்டுப்பாடு வந்திருக்கிறது. கட்டுப்பாடு வந்தபோது முணுமுணுத்தவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அது இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

அடுத்தது மணல். ஆற்று மணலை வெறும் கட்டடப் பொருளாகப் பார்த்ததுதான் பிழை. மணல் ஒரு பஞ்சு மாதிரி நீரைப் பிடித்து வைத்து, கோடையில் மெல்லக் கசியவிடும். நீரை வடிகட்டும். ஆற்று ஆலா என்ற பறவை நடு ஆற்றுத் திட்டில் வெறும் மணலில் முட்டையிடும். ஆமை மணலில் குழி தோண்டி முட்டையைப் புதைக்கும். மணலை அள்ளிவிட்டால் களிமண்ணும் பள்ளமும் மிஞ்சும். பள்ளத்தில் சாக்கடை தேங்கும், தேங்கிய இடத்தில் அமலைச்செடி வரும், கரையில் சீமைக்கருவேலம் வரும். ஒரு கேடு அடுத்த கேட்டைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறது. தாமிரபரணி மணலுக்காக நல்லகண்ணு ஐயா 2010-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே வாதாடித் தடை வாங்கினார். அந்த வயதில் அவர் அதைச் செய்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். மணல் கிடைக்காத பிறகு பாறையை உடைத்து எம்-சாண்ட் ஆக்குகிறோம். நம் மாவட்டத்துப் பொற்றைகள், அதாவது சிறு பாறைக் குன்றுகள், ஒவ்வொன்றாகக் கரைகின்றன. பொற்றையும் வெறும் கல் கிடையாது. ஆந்தைக்கும் உடும்புக்கும் முள்ளம்பன்றிக்கும் அதுதான் வீடு.

குளத்துக்கு வருவோம். குளத்தை ஆழப்படுத்தினால் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறோம். முன்பு சம்சாரிகள் வண்டி கட்டிக் கரம்பை மண் எடுத்து வயலுக்கு அடித்தார்கள். ஓரத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம் என்று மண் போனது. குளத்தின் சரிவு மாறவில்லை. இப்போது பொக்லைன் இறங்கிக் கரையோரமே செங்குத்தாக வெட்டிக் குளத்தை ஒரு தொட்டி ஆக்கிவிடுகிறது. மஞ்சள் மூக்கு நாரை எப்படி இரை தேடும் தெரியுமா? அலகைச் சற்றே திறந்து முழங்காலளவு நீரில் துழாவிக்கொண்டே நடக்கும். மீன் அலகில் பட்டதும் மூடிக்கொள்ளும். அதற்குக் கண்ணைவிடத் தொடு உணர்ச்சிதான் முக்கியம். ஆழம் கூடினால் அதற்கு அங்கே வேலை இல்லை. அரிவாள் மூக்கன், உள்ளான், நெடுங்கால் உள்ளான் எல்லாவற்றுக்கும் அதே நிலைதான். நிறைய நீர் நிற்கும் குளத்தில் ஒரு பறவையும் இல்லாததைப் பார்த்து ஊரார் வியப்பதுண்டு. ஓரத்துச் சேற்றை எடுத்துவிட்டோம், அவ்வளவுதான். தூர் வாரட்டும், ஆனால் ஒரு பக்கமாவது சரிவை விட்டுவைக்கட்டும்.

சீமைக்கருவேலம் பற்றியும் இப்படித்தான் அவசரப்படுகிறோம். அது அயல் மரம், நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, நம் குடைபோல் விரியும் உடை மரத்தையும் நாட்டுக் கருவேலத்தையும் துரத்திவிட்டது. எல்லாம் சரி. ஆனால் குளத்துக்குள் நாட்டுக் கருவேலம் இல்லாத இடங்களில் இன்று கொக்கும் நாரையும் சீமைக்கருவேலத்தின் மேல்தான் கூடு கட்டுகின்றன. இனப்பெருக்கக் காலத்தில் ஒரே நாளில் வேரோடு பிடுங்கினால் குஞ்சுகள் தரையில் விழும். முதலில் நாட்டு மரம் நட்டு, அது தலையெடுத்ததும் பகுதி பகுதியாக அகற்ற வேண்டும். பத்து ஆண்டு வேலை. பத்து நாளில் முடிக்க முடியாது.

வயலில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. நெல்லில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி வந்தால் மருந்து அடிக்கிறோம். அந்த மருந்து புகையானைத் தின்னும் சிலந்தியையும் கொல்கிறது. சிலந்தி மறுபடி பெருக நாளாகும், புகையானுக்கு அவ்வளவு நாளாகாது. ஆகவே அடுத்த முறை புகையான் இன்னும் அதிகமாக வரும், இன்னும் மருந்து. குருணை மருந்து போட்ட வாழைத் தோட்டத்திலும் வயலிலும் மண்புழு, தவளை, நத்தை, வயல் நண்டு எல்லாம் அடிபடுகின்றன. அவற்றைத் தின்ன வரும் பறவைக்கும் பாதிப்பு உண்டு. இரவில் தவளைச் சத்தம் கேட்காத வயல் எங்கள் ஊரில் இப்போது இருக்கிறது. சிறுவயதில் அந்தச் சத்தத்தில்தான் தூங்கினோம். விவசாயியைக் குற்றவாளியாக்கி நான் பேசவில்லை. மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி ஓர் இரவில் வாழையைச் சாய்த்துவிட்டுப் போனால் அவர் படும் பாடு எனக்குத் தெரியும். மருந்துக் கடைக்காரரைத் தவிர வேறு யாரும் அவருக்கு ஆலோசனை சொல்ல வருவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பனையைப் பாருங்கள். ஒரே ஒரு பனையில் எத்தனை குடித்தனம்! காய்ந்து தொங்கும் ஓலையின் மடிப்பில் பனை உழவாரன் தன் எச்சிலாலே இறகை ஒட்டிக் கூடு செய்கிறது. வேறு எங்கும் வாழ அதற்குச் சிரமம். ஓலை நுனியில் தூக்கணாங்குருவி. மட்டை இடுக்கில் வௌவால். பொந்தில் கிளி, ஆந்தை. இரவில் பதநீர் குடிக்க மரநாய். செங்கல் சூளைக்கு விறகாக ஒரு பனையை வெட்டிச் சாய்த்தால், அந்தத் தெருவே காலியாகிறது. பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. விதி இருக்கிறது. ஆனால் பனையேறுகிறவர் இல்லாத ஊரில் பனைக்கு யார் காவல்? ஒரு தொழில் அழியும்போது அதோடு ஒரு வாழிடமும் அழிகிறது.

சரி, மலை பத்திரமாக இருக்கிறதா? மற்ற இடங்களோடு ஒப்பிட்டால், ஆம். சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கைக் காக்கத்தான் 1976-இல் களக்காடு சரணாலயம் உருவானது. வெடிபலா மரத்தின் பூவையும் காயையும் நம்பி, மரத்துக்கு மரம் தாவி, பெரும்பாலும் தரையிறங்காமலே வாழும் குரங்கு அது. மரக்கூரை அறுந்தால் அதன் வழி அறுந்துவிடும். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டதால் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து பக்கம் தேயிலை வந்தது. மழை கொட்டும் அந்த மலைமுகடுகளில் சோலை இருந்த இடத்தில் இடுப்பளவுச் செடி. குத்தகை 2028-இல் முடிகிறது, காடு திரும்பும் என்று மகிழ்கிறோம். நானும் மகிழ்கிறேன். ஆனால் நான்கு தலைமுறை அங்கே அட்டைக்கடியில் உழைத்த குடும்பங்களுக்கு வீடும் பிழைப்பும் முறையாகக் கிடைக்காமல் அந்த மகிழ்ச்சி எனக்கு முழுமையாகாது. இன்னொன்று: ஆட்களை இறக்கிவிட்டால் சோலை தானாக வந்துவிடாது. வெட்டவெளியில் உண்ணிச்செடி முந்திக்கொள்ளும். அதை அகற்றி, வெடிபலாவும் மற்றச் சோலை மரங்களும் நிழலில் முளைத்து வரும்படி பல காலம் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் காட்டை அறிந்த காணிக்காரப் பழங்குடியினருக்கு அதில் முதல் இடம் தர வேண்டும்.

கடைசியாகக் கடல். "ஆற்று நீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்று மேடைதோறும் சொல்கிறார்கள். கொற்கை ஒரு காலத்தில் துறைமுகம். இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பொருநை, அதாவது தாமிரபரணி, கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் அந்த நிலம். ஆற்று நீர் கலக்கும் இடத்தில் உப்பு தணிகிறது, அலையாத்தி வளர்கிறது, அதன் வேரடியில் இறாலும் மீனும் குஞ்சாக வளர்ந்து கடலுக்குப் போகின்றன. புன்னைக்காயல் வலைக்காரர்களின் வருமானம் பாபநாசத்திலிருந்து தொடங்குகிறது என்றால் மிகையில்லை. இப்போது அந்த வழியே போவது வண்டல் குறைந்து, பிளாஸ்டிக் மிகுந்த நீர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் நீரில் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு அருகே வான்தீவு சுருங்கி, செயற்கைப் பாறைகள் போட்டுக் காக்க வேண்டியதாயிற்று. மிச்சமிருந்த பவளமும் கடல் சூடேறியதால் 2010-இலும் 2016-இலும் வெளுத்தது. ஏற்கெனவே மாசால் நலிந்த பவளம் வெப்பத்திலிருந்து மீள்வது கடினம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அவ்வளவு மழைக்கு எந்த ஊரும் தாங்காது, அதை மறுக்கவில்லை. ஆனால் வரத்துக்கால்கள் அடைபட்டு, குளம் நிரம்பி மறுகால் போகும் பாதையில் வீடுகள் நின்று, குளங்கள் மேடாகிக் கிடந்ததால் துன்பம் பல மடங்கானது. பறவைக்கு உதவாமல் போன குளம் அன்று நமக்கும் உதவவில்லை.

நம்பிக்கைக்கு இடமில்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நாங்குநேரிக்குப் பக்கத்தில். கூந்தன்குளம் 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, இன்று பன்னாட்டு ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள ஈரநிலம். ஆனால் அரசாணைக்கு வெகுகாலம் முன்பே அந்த ஊர் பறவைகளை ஏற்றுக்கொண்டுவிட்டது. நாரைகள் வீட்டு முற்றத்து வேம்பிலும் கூடு கட்டும். வீச்சம் அடிக்கும், கூரையெல்லாம் எச்சம். ஊரார் முகம் சுளிப்பதில்லை. பறவை வந்தால் மழை வரும், எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்கிறார்கள். தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்துப் பறக்கவிட்ட பால்பாண்டியைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்தக் குளத்துக்கும் ஆபத்து இருக்கிறது: மணிமுத்தாறு கால்வாயில் உரிய நேரத்தில் தண்ணீர் வராவிட்டால் அந்த ஆண்டுக் கூடுகள் பாழ். ஊர் எவ்வளவு அன்பு வைத்தாலும் மேலே மதகைத் திறப்பவர் கையில்தான் முடிவு இருக்கிறது.

ஆகவே தம்பி, நீங்கள் படிக்கும் பாடத்துக்காகக் கேட்டிருந்தாலும் ஒரு வேலை சொல்கிறேன். 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதற்குக் காத்திருக்காமல் உங்கள் ஊர்க் குளத்துக்கே இந்தப் பிசானத்தில் போங்கள். விடிவதற்கு அரை மணி முன்பாக மறுகால் பக்கம் நில்லுங்கள். மீன் மேலே வந்து வாய் பிளக்கிறதா, எந்த மடையில் சாக்கடை சேர்கிறது, அமலைச்செடி எத்தனை பங்கு மூடியிருக்கிறது, எந்த ஓரத்தில் சரிவு மிஞ்சியிருக்கிறது, அந்த ஓரத்தில் எத்தனை வகைப் பறவை நிற்கிறது என்று எழுதுங்கள். எண்ணிக்கையைவிட வகை முக்கியம். பெயர் தெரியாத பறவை என்றால் அலகையும் காலையும் வரைந்துகொள்ளுங்கள். குளத்தில் முப்பது ஆண்டு மீன் பிடித்த ஒரு பெரியவரைத் தேடிப்பிடித்து, அவர் சிறுவயதில் பிடித்த மீன்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலையும் உங்கள் பட்டியலையும் அருகருகே வைத்து எனக்கு எழுதுங்கள்.